வலிக்கான சொற்களும் எலிக்கான சோதனைகளும்

நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் வாசிக்க.

மொழியியலில் முதுகலை முடித்தவருக்கு மருந்தியல் ஆய்வுக்குழு ஒன்றில் என்ன வேலை என்று நண்பர்கள் பலர் கேட்பதுண்டு. ஊருக்குச் செல்லும்போது உறவினர்கள் இன்னும் நேராகவே கேட்பார்கள்: "நீ படிச்சது மொழிதானே, எலிக்கு ஊசி போடுற இடத்துல உனக்கென்ன வேலை?" புனேயில் முனைவர்பட்ட ஆய்வைத் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. இதுவரை அக்கேள்விக்குச் சிரிப்பையே விடையாகத் தந்துவந்தேன். இம்முறை முறையாக எழுதிப் பார்க்கிறேன். மரபு மூலிகைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் சிலருக்கேனும் இது பயன்படலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மராட்டியப் பகுதியில், முள்ஷி வட்டத்துச் சிற்றூர்களில், வலிக்கும் வீக்கத்துக்கும் மக்கள் பயன்படுத்தும் தாவரங்களைப் பற்றிய வாய்மொழிச் செய்திகளைப் பதிவு செய்வது என் பங்கு. அப்பதிவுகளிலிருந்து சோதிக்கத்தக்க தாவரங்களைத் தேர்ந்தெடுப்பது மருந்தியல் துறை நண்பர்களின் பங்கு. இவ்விரு பணிகளுக்கும் நடுவே இருப்பது ஓர் எக்செல் தாள். தாவரத்தின் பெயர், பயன்படும் உறுப்பு, பதிவு செய்த ஊர், பயன் என்று அதில் சில பத்திகள். 'பயன்' என்ற பத்தியைச் சொடுக்கினால் மூன்று தெரிவுகள் விரியும்: வலிநிவாரணி, அழற்சிநீக்கி, காய்ச்சல்தணிப்பி. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்காவதாக எதையும் எழுத அத்தாள் இடம் தராது.

என் ஆய்வின் சிக்கல் முழுவதும் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

அவ்வூர்களில் ஒன்றில் எழுபது வயதைக் கடந்த ஓர் ஆஜி இருக்கிறார். ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. வாழ்நாள் முழுவதும் நெல் நாற்று நட்ட முழங்கால்கள் அவருக்கு. நிர்குடியைப் பற்றி அவரிடம் கேட்டேன். நாம் நொச்சி என்போமே, அதுதான். தாவரவியலில் வைடெக்ஸ் நெகுண்டோ. அவர் சொன்னதன் சாரம் இது: இலையை இரும்புத் தவாவில் வாட்டி, சூடு பொறுக்கும் பதத்தில் முழங்காலில் வைத்துத் துணியால் கட்ட வேண்டும். இரவில் கட்டிக் காலையில் அவிழ்க்க வேண்டும். 'டணகா' இருக்கிற வீக்கமானால் இறங்கிவிடும். இடுப்பில் 'சமக்' பிடித்திருந்தால் நிர்குடி கட்டிப் பயனில்லை. காலில் 'முங்க்யா' வந்தால் அதற்கும் இது ஆகாது. "அதெல்லாம் வேறு நோய், பாளா. எல்லாவற்றுக்கும் ஒரே இலையைக் கட்டுகிறவர் வைத்தியம் தெரியாதவர்."

டணகா என்பது சம்மட்டி விழுவதுபோல் விட்டுவிட்டுத் துடிக்கும் வலி. புண்ணோ வீக்கமோ பழுக்கும்போது வருவது. சமக் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் மின்னுதல். குனிந்து நிமிரும்போது இடுப்பில் பளிச்சென்று பிடித்துக்கொள்ளும் வலிக்கு அப்பெயர். முங்க்யா என்றால் எறும்புகள். நாம் கால் மரத்துப்போயிற்று என்று சொல்லும் இடத்தில், மராத்தியர் காலில் எறும்புகள் வந்தன என்பர்.

ஆஜியின் கூற்றில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். எந்த வலிக்கு ஆகும் என்ற ஒரு கூற்று. எந்த வலிகளுக்கு ஆகாது என்ற இரண்டு கூற்றுகள். பயன்படுத்தும் முறை, சூட்டின் பதம், கால அளவு. நம் எக்செல் தாளுக்குள் இவ்வளவும் நுழைந்து வெளிவரும்போது மிஞ்சுவது ஒரே வரி: வைடெக்ஸ் நெகுண்டோ, இலை, வலிநிவாரணி.

மரபு மருத்துவம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து சொல்கிறது, ஆகவே அதைச் சோதிக்க முடியாது என்ற குற்றச்சாட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். சந்தையில் விற்கும் பொடிகளின் விளம்பரங்களுக்கு அது பொருந்தும். ஆஜியின் கூற்றுக்குப் பொருந்தாது. எப்போது பொய்க்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் கூற்றைவிட எளிதில் சோதிக்கத்தக்கது வேறென்ன இருக்கிறது? அதைச் சோதிக்க முடியாததாக்கியது நம் தாளின் மூன்று தெரிவுகள்.

வலியைச் சொற்களால் பகுத்தறியும் இவ்வழக்கம் நவீன மருத்துவத்துக்கு அயலானது அன்று. ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரலில் 78 சொற்கள் 20 குழுக்களாக அடுக்கப்பட்டுள்ளன. துடித்தல், குத்தல், எரிதல், இழுத்தல் என்று நோயாளி தேரும் சொல்லைக்கொண்டு வலியின் இயல்பை மதிப்பிடும் முறை அது. உலகெங்கும் வலி மருத்துவத்தில் இன்றும் பயன்படுகிறது. மனிதரிடம் மருந்தைச் சோதிக்கும்போது 78 சொற்களுக்கு இடம் தரும் அறிவியல், மனிதரிடமிருந்து மருந்தை அறியும்போது மட்டும் ஒரே சொல்லோடு நிறைவடைவது ஏன்?

எழுத்து மரபிலும் இதே கதைதான். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் நான்காம் அத்தியாயம் மருந்துப் பொருள்களைச் செயல்வகையால் 50 குழுக்களாக வகுக்கிறது. குழுவுக்குப் பத்துப் பொருள்கள். வலி தொடர்பாக அங்கே மூன்று குழுக்கள் உள்ளன. வேதனாஸ்தாபனம் என்ற குழுவில் சாலம், கடம்பு, வாகை, அசோகு போன்ற மரங்கள் வருகின்றன. சூலப்பிரசமனம் என்ற குழுவில் திப்பிலி, இஞ்சி, மிளகு, சீரகம் போன்ற காரப்பொருள்கள். அது வயிற்றைக் குத்தித் திருகும் வலிக்கு. அங்கமர்தப்பிரசமனம் என்ற குழுவில் ஆமணக்கு, கண்டங்கத்திரி, சந்தனம், வெட்டிவேர். அது உடம்பை முறித்துப் போட்டதுபோன்ற அலுப்பு வலிக்கு. இம்மூன்று பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரு பட்டியலில் உள்ள தாவரம் மற்றொன்றில் இல்லை. தொகுத்தவர்கள் இவற்றை மூன்று வெவ்வேறு செயல்களாகக் கருதினார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளிலோ மூன்றும் 'வலிநிவாரணி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

வீக்கத்தின் நிலை இன்னும் சிக்கலானது. சோதம் என்ற வடசொல் வீக்கத்தைக் குறிக்கும். அது எக்காரணத்தால் வந்தாலும் சரி. அழற்சி என்பதோ கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் வகுத்தவாறு சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற நான்கும் சேர்ந்த நிலை. இதயம் தளர்ந்தாலும் சிறுநீரகம் பழுதுபட்டாலும் கால் வீங்கும். அது சோதம், ஆனால் அழற்சி அன்று. மூக்கிரட்டை என்று நாம் அழைக்கும் புனர்நவா, சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தை வடியச் செய்வது என்று மரபில் போற்றப்படும் மூலிகை. 'சோதஹரம்' என்ற அதன் அடைமொழியை 'அழற்சிநீக்கி' என்று பெயர்த்துவிட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், நூல் கேட்காத கேள்விக்கு எலி விடை சொல்ல நேரும்.

எலி எப்படி விடை சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மொழியியல் மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது காரஜீனன் சோதனை. 1962-இல் அறிமுகமாகி இன்றளவும் இந்தியக் கல்லூரிகளில் பெருவழக்காக உள்ளது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன் என்ற பொருளின் கரைசலை எலியின் பாதத்தில் செலுத்துவார்கள், பாதம் வீங்கும். மருந்து பெற்ற எலியின் வீக்கம், மருந்து பெறாத எலியின் வீக்கத்தைவிட எவ்வளவு குறைவு என்பதைச் சில மணி நேரம் அளந்து பார்ப்பார்கள். தொடக்கத்தில் ஹிஸ்டமினும் செரட்டோனினும், பின்னர் புரோஸ்டகிளாண்டின்களும் அவ்வீக்கத்தை இயக்குகின்றன. இரண்டாவது, நெளிவுச் சோதனை. சுண்டெலியின் வயிற்றுக்குள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைச் செலுத்தி, அது எத்தனை முறை உடலை நெளிக்கிறது என்று எண்ணுவது. மூன்றாவது, சூட்டுத்தட்டுச் சோதனை. ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள தட்டில் சுண்டெலியை விட்டு, அது பாதத்தை நக்கவோ குதிக்கவோ எத்தனை நொடி ஆகிறது என்று குறிப்பது. புண்படாமலிருக்கக் குறித்த நொடியில் எடுத்துவிடுவார்கள்.

இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்வி. சூட்டுத்தட்டு, மார்ஃபின் போன்ற மருந்துகளை நன்கு இனங்காட்டும். ஆஸ்பிரின் வகை மருந்துகளைப் பெரும்பாலும் தவறவிடும். நெளிவுச் சோதனை எதிர்த்திசையில் தாராளமானது: தசையைத் தளர்த்தும் மருந்தும் நெளிவைக் குறைத்து, வலி தணிந்ததுபோல் தோற்றம் தரும். ஆகவே எந்தத் தாவரத்தை எந்தச் சோதனைக்கு அனுப்புகிறோம் என்பதிலேயே முடிவின் பாதி அடங்கியிருக்கிறது. அனுப்புவதைத் தீர்மானிப்பது 'பயன்' என்ற பத்தியில் இருக்கும் சொல். சூலப்பிரசமனக் குழுவின் சீரகத்தைச் சூட்டுத்தட்டில் சோதித்து, பயனில்லை என்று எழுதினால், சரகர் பொய்த்தார் என்று பொருளா?

குழுக்கூட்டம் ஒன்றில் இதை முன்வைத்தபோது, என்னிலும் மூத்த மருந்தியல் ஆய்வாளர் ஒருவர் மறுத்துச் சொன்னது நியாயமானது. "அளவிட ஒரு பொதுமொழி வேண்டும். ஊருக்கு ஒரு சொல், சொல்லுக்கு ஒரு சோதனை என்றால் எந்த முடிவையும் இன்னொரு முடிவோடு ஒப்பிட முடியாது. தவிர, மரபுச் சொல் என்பதாலேயே அது தெளிவானது என்று எப்படி நம்புகிறீர்கள்?" என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு அவரே ராஸ்னாவைச் சான்று காட்டினார்.

ராஸ்னா, மூட்டுவலிக்கான கசாயங்கள் பலவற்றின் தலைமைப் பொருள். மகாராஸ்னாதி என்ற பெயரிலேயே அது இருக்கிறது. இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூலின்படி ராஸ்னா என்பது புளூச்சியா லான்சியோலாட்டா என்ற செடியின் இலை. வடநாட்டு வழக்கு அது. கேரளத்தில் ராஸ்னா என்று கேட்டால் அரத்தைக் கிழங்கு கிடைக்கும். வங்காளத்தில் மரத்தில் தொற்றி வளரும் வாண்டா என்ற ஆர்க்கிட் அப்பெயரைப் பெற்றிருக்கிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு தாவரக் குடும்பங்கள். ஒரே நூலின் ஒரே சொல், மூன்று நிலங்களில் மூன்று உயிர்கள். கடையில் வாங்கிய 'ராஸ்னா'வை அரைத்துச் சோதித்தவர் எதைச் சோதித்தார்? இதனால்தான் எங்கள் குழு, திரட்டும் மாதிரி ஒவ்வொன்றையும் உலர்தாவரத் தாளில் பதித்து, புனேயிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவை நிறுவனத்தின் மேற்கு மண்டல மையத்தில் இனங்காணச் செய்த பிறகே சோதனைக்கு அனுப்புகிறது.

அவர் சொன்னது சரி. மரபுச் சொற்களை நான் புனிதமாக்க விரும்பவில்லை. ஆனால் தாவரத்தின் பெயருக்கு நாம் காட்டும் இக்கவனத்தில் ஒரு பங்கை நோயின் பெயருக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வாதம். இலைக்கு உலர்தாவரத் தாள் இருக்கிறது. 'டணகா' என்ற சொல்லுக்கு அதுபோன்ற சான்றுத்தாள் எங்கே?

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. வழக்கமான ஒரு சோதனைத் திட்டத்தில் மருந்தில்லாக் குழு ஒன்று, டைக்ளோஃபீனாக் போன்ற ஒப்பீட்டு மருந்துக்குழு ஒன்று, மூன்று அளவுகளில் சாறு பெறும் குழுக்கள் மூன்று என ஐந்து குழுக்கள் இருக்கும். குழுவுக்கு ஆறு விலங்குகள். மொத்தம் 30. அந்த 30 உயிர்கள் எதற்கு வேண்டும், ஏன் குறைக்க இயலாது என்று நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். காரணமாக நாம் காட்டுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: 'இத்தாவரம் மரபாக வலிநிவாரணியாகப் பயன்படுகிறது.' அந்த வாக்கியம் பிழையான பெயர்ப்பு எனில், 30 விலங்குகள் யாரும் கேட்காத ஒரு கேள்விக்காக வலியை அனுபவிக்கின்றன. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையின் குறிப்புகளில், சொல்ல இயலாமை வலி இல்லாமைக்குச் சான்றாகாது என்று விலங்குகளையும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. சொல்ல வாய்ப்புள்ளவரின் சொல்லைச் சரியாகக் கேட்டு எழுதுவது, சொல்ல வாயற்ற உயிருக்கு நாம் செய்யும் குறைந்தபட்சக் கடமை.

முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஜி இலையை வாட்டிக் கட்டுகிறார். நாம் இலையை உலர்த்தி, மெத்தனாலில் சாறிறக்கி, கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் வீதம் எலியின் வாய்வழி செலுத்துகிறோம். எலியின் அளவை மனித அளவாக்க, உடற்பரப்பின் அடிப்படையில் 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அவ்வாறு கணக்கிட்டால் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 3.9 கிராம் சாறு வரும். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாகக் கிடைக்கும் என்று கணக்குக்காகக் கொண்டால், அது ஒரே வேளையில் 39 கிராம் உலர்ந்த இலை. அவ்வளவு நொச்சியை உண்ணுமாறு எந்த ஆஜியும் சொன்னதில்லை. இச்சோதனைக்கு மதிப்பில்லை என்று நான் கூறவில்லை. 2003-இல் இலங்கை ஆய்வாளர்கள் முதிர்ந்த பச்சை நொச்சி இலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி தந்து, வீக்கமும் வலியும் தணிவதைக் காட்டினார்கள். பயனுள்ள ஆய்வு அது. ஆயினும் அவர்கள் காட்டியது நீர்ச்சாற்றின் செயலை. வாட்டிக் கட்டும் இலை இன்னும் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. அதில் சூட்டின் பங்கு எவ்வளவு, இலையின் பங்கு எவ்வளவு என்பதை அறிய, சூடாக்கிய வேறோர் இலையைக் கட்டி ஒப்பிட்டாலே போதும்.

சோதனை 'ஆம்' என்று சொன்னாலும் எச்சரிக்கை தேவை. களப்பணி செய்யும் மொழியியலாளர் எவரும் ஒருவகைத் தகவலாளியைச் சந்தித்திருப்பார்: எக்கேள்விக்கும் ஆம் என்று தலையசைப்பவர். வேதியியலிலும் அத்தகையோர் உண்டு. எந்த உயிர்வேதிச் சோதனையில் இட்டாலும் செயலுள்ளதுபோல் காட்டி ஏமாற்றும் சேர்மங்களுக்கு ஆங்கில முதலெழுத்துகளால் 'பெயின்ஸ்' என்றே பெயர். வலிகள் என்று பொருள்படும் சொல். மஞ்சளின் குர்குமினும் அவற்றுள் ஒன்று என்று 2017-இல் வெளிவந்த ஒரு விரிவான மதிப்பாய்வு எடுத்துக்காட்டியது. மஞ்சளுக்குப் பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. சோதனைக்குழாயின் 'ஆம்' மட்டும் போதாது என்பதே பொருள்.

இவ்வளவு சிக்கலுக்கு நடுவே இவ்வாய்வு எதற்கு என்று கேட்கலாம். ஆஜியின் ஊரில் முழங்கால் வலிக்கு எளிதில் கிடைப்பது டைக்ளோஃபீனாக் மாத்திரை. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே வலி தணிக்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். அதே புரோஸ்டகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரையும் காக்கிறது. வலி தணியும்போது வயிறு புண்ணாவது அதனால்தான். இன்னொரு பக்கம், மூலிகைப்பொடி என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பவர்கள். இரண்டுக்கும் நடுவே, வாட்டிய இலை எந்த வலிக்கு உண்மையில் உதவும், எதற்கு உதவாது என்று நம்பகமாகச் சொல்ல முடிந்தால், நாளை நாற்று நடப்போகும் பெண்ணுக்கு அது பயன்படும். உதவாது என்று தெரியவந்தாலும் பயன்தான்.

பல விவாதங்களுக்குப் பின் எங்கள் தாளில் இப்போது நான்கு பத்திகள் கூடியிருக்கின்றன. சொன்னவர் பயன்படுத்திய அதே சொல், அவர் மொழியில். அச்சொல்லுக்கு அவர் தந்த விளக்கம். தயாரித்துப் பயன்படுத்தும் முறை. எதற்கு ஆகாது என்று அவர் சொன்னது. 'வலிநிவாரணி' என்ற தெரிவும் அங்கேயே இருக்கிறது. ஒப்பிட ஒரு பொதுமொழி வேண்டும் என்ற மூத்தவரின் கூற்றை ஏற்றுக்கொண்டோம். ஆனால் இப்போது அதைத் தேர்ந்தெடுப்பவர் பக்கத்துப் பத்திகளைப் படித்துவிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பமும் அப்பத்திகளிலிருந்தே எழுதப்படுகிறது.

இத்துறையில் ஆய்வேடு எழுதும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். 'மரபுப் பயன்பாடு அறிவியல்முறையில் நிறுவப்பட்டது' என்ற முடிவுரை வாக்கியத்தை எழுதுமுன் ஒருமுறை நிதானியுங்கள். எந்தச் சாறு, எந்த அளவு, எந்தச் சோதனை, எவ்வகை வலி என்று மட்டும் எழுதினாலே அது நேர்மையான முடிவு. 'நிறுவப்படவில்லை' என்று எழுதுவதற்கும் இதே நிதானம் வேண்டும்.

மருந்தியல் துறையினர் இதில் விடுபட்டவற்றைச் சுட்டினால் மகிழ்வேன். மற்றவர்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் ஊரில், உங்கள் வீட்டு மொழியில், வலிக்கு என்னென்ன சொற்கள்? குடைச்சல், உளைச்சல், கடுப்பு, சுளுக்கு என்று தமிழில் எனக்குத் தெரிந்த பட்டியலே நீளமானது. ஒடியா, கன்னடம், கோண்டி, கொங்கணி பேசும் நண்பர்களிடமும் கேட்டு எழுதுங்கள். எந்த வலிக்கு எந்த இலை என்பதோடு, எந்த வலிக்கு அந்த இலை ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தால், அதைத் தவறாமல் சேர்த்து எழுதுங்கள்.